நரம்பின் மேல் பழி போடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் ஒரு பையன் படியேறத் திணறினால் என்ன நோய் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பதில் தயாராக இருக்கிறது: 'நரம்பு வீக்'. பக்கத்து வீட்டு ஆச்சி சொல்வார், மருந்துக்கடைக்காரர் சொல்வார், எண்ணெய் காய்ச்சும் வைத்தியர் சொல்வார். படித்துப் பட்டம் வாங்கிய மருத்துவர்களிலும் சிலர் அதையே சொல்லி, பி12 ஊசியும் ஒரு டானிக்கும் எழுதி அனுப்புகிறார்கள். முதல் மூவரை மன்னிக்கலாம். நான்காமவரை மன்னிக்க நமக்கு மனமில்லை.

இந்தக் குழப்பத்துக்கு 'நரம்பு' என்ற சொல்லும் ஒரு காரணம். தமிழில் யாழின் தந்தியும் நரம்பு, கையில் பச்சையாகப் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயும் நரம்பு, மூளையின் கட்டளையைக் கொண்டுபோகும் இழையும் நரம்பு. சிரையில் போடும் ஊசிக்கு 'நரம்பு ஊசி' என்றே பெயர். போதாததற்கு, மாதத்தில் ஒருநாள் லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியர்கள் 'நரம்புத் தளர்ச்சி'க்கு வேறொரு அர்த்தத்தையும் சுவரெல்லாம் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பேச்சு வழக்கில் இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். மருத்துவச் சீட்டில் இருக்கக் கூடாது.

தசை கெடுவது வேறு, நரம்பு கெடுவது வேறு. மின்விசிறி சுற்றாததற்குக் கம்பியும் காரணமாகலாம், மோட்டாரும் காரணமாகலாம். மோட்டார் எரிந்திருக்கும்போது கம்பியை மாற்றுகிறவரை எலெக்ட்ரீஷியன் என்று நாம் வீட்டுக்குள் விடுவதில்லை.

நரம்பு நோய் பெரும்பாலும் உடம்பின் ஓரத்தில், பாதத்தில் தொடங்கும். மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு. செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நான்கடி நடந்து போகும் சர்க்கரை நோயாளியை நம் தெருவிலேயே பார்க்கலாம். சர்க்கரை, தொழுநோய், குடி, பி12 குறைபாடு எனக் காரணங்கள் பல. பலவற்றைத் தடுக்கலாம், சிலவற்றைக் குணமாக்கவும் செய்யலாம். பி12 ஊசிக்கு இடம் இங்கே உண்டு.

தசைச் சிதைவில் தொடு உணர்வு குறைவதே இல்லை. பலம் போவது பெரும்பாலும் முதலில் இடுப்பிலும் தொடையிலும் தோளிலும். செட்டிநாட்டு வீட்டை விடவா இதற்கு ஒரு சோதனைக்கூடம் வேண்டும்? தெருவிலிருந்து முகப்புக்கு ஏறவே படிகள். உள்ளே பந்தி தரையில். சாப்பிட்டு எழும் பையன் தன் தொடைமேலேயே கையை ஊன்றி, தன்மேலேயே ஏறுவது போல நிமிர்கிறான் என்றால் அது சோம்பேறித்தனம் அல்ல. வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1879-லேயே விவரித்துவிட்ட அறிகுறி அது. கெண்டைக்கால் வேறு திரண்டு நிற்கும். 'பிள்ளைக்கு என்ன பலமான கால்' என்று வீட்டார் பூரித்துப்போவார்கள்.

ஆண் குழந்தைகளைத் தாக்கும் இந்த 'டுஷேன்' வகைத் தசைச் சிதைவைச் சந்தேகிக்கச் சில நூறு ரூபாய் இரத்தச் சோதனை ஒன்று போதும்: சி.பி.கே. இயல்பு அளவைப்போலப் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று அது எகிறி நிற்கும். அதைப் பார்க்காமல் எஸ்.ஜி.பி.டி. மட்டும் பார்த்தவர்கள் கல்லீரலுக்கு மருந்து கொடுத்த கதைகளும் உண்டு. எஸ்.ஜி.பி.டி. என்ற அந்த நொதி, கெட்டுப்போகும் தசையிலிருந்தும் கசியும் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

தவறான பெயரின் விலை என்ன? ஸ்டீராய்டு மருந்து இந்நோயைக் குணமாக்காது. ஆனால் உரிய வயதில் தொடங்கினால் பையன் சொந்தக் காலில் நடக்கும் காலம் சில ஆண்டுகள் நீளும். டானிக் குடித்தே அந்த ஆண்டுகள் கரைகின்றன. மயக்க மருந்து கொடுப்பவருக்கு நோயின் பெயர் தெரியாவிட்டால், சக்சினைல்கோலின் என்ற மருந்து இந்தப் பையனின் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். எல்லாவற்றிலும் கொடியது இன்னொன்று. மரபணுப் பிழையைத் தாய் சுமப்பவராக இருந்தால், அடுத்துப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூத்தவனுக்கு 'நரம்பு வீக்' என்று சொல்லி அனுப்பியவர், இளையவனைப் பற்றி அந்தத் தாய்க்கு எச்சரிக்கை சொல்லவே இல்லை. கோவையில் எம்.டி.சி.ஆர்.சி. என்ற மையம் இதற்கான மரபணுச் சோதனையையும் குடும்பங்களுக்கான ஆலோசனையையும் தருகிறது. அந்த முகவரியை எழுதிக் கொடுக்க எத்தனை நொடி ஆகும்?

பத்திரிகைகளும், நம்மையும் சேர்த்துத்தான், குட்டுப்பட வேண்டியவை. 16 கோடி ரூபாய் ஊசிக்காக ஊர் கூடி நிதி திரட்டினோமே, அந்த எஸ்.எம்.ஏ. நோயில் மெலிவது தசை, சாவது தண்டுவடத்து நரம்பணு. அதையும் 'தசைச் சிதைவு' என்றே அச்சிட்டோம். விளைவு, டுஷேன் பிள்ளைகளின் பெற்றோரிடம் 'அந்த ஊசி போட்டால் சரியாகிவிடுமாமே' என்று ஊர் கேட்கிறது. அந்த ஊசி இந்த நோய்க்கானதல்ல. இத்தனைக்கும் தசையை மெலியச் செய்யும் ஒரு நரம்பணு நோய்க்கு உலக மருத்துவ நூல்களில் மெட்ராஸ் பெயரே இருக்கிறது. 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் சென்னையிலிருந்து எழுதிய ஆய்வு அதற்கு அடிப்படை.

சட்டத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச் சிதைவை இயக்கக் குறைபாட்டின்கீழ் வைக்கிறது. பார்க்கின்சன் போன்றவற்றை நாள்பட்ட நரம்பியல் நோய் என்று தனியே பிரிக்கிறது. தமிழக அரசு தசைச் சிதைவுக்கென்றே மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகையும் தருகிறது. சீட்டில் 'நரம்புத் தளர்ச்சி' என்று கிறுக்கி வைத்தால் அந்தக் குடும்பம் எந்த வரிசையில் போய் நிற்கும்?

சுவர் விளம்பரக்காரர்களுக்கும் ஒன்று. நரம்பு மண்டலக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி, பக்கவாதம் ஆகியவற்றைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். ஒட்டியவர்மீது வழக்குப் போடாமல் சுவருக்கு வெள்ளையடிப்பது நடவடிக்கை ஆகாது.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தை வளர்த்த இருவரைப் பாருங்கள். 1981-இல் அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து தண்டுவடம் அடிபட்டவர். அவருக்குத் தோள்கொடுத்த எஸ். சங்கரராமன் தசைச் சிதைவு கொண்ட ஆடிட்டர். இருவருக்கும் சக்கர நாற்காலி. ஒருவருக்கு அறுந்தது கம்பி, மற்றவருக்குத் தேய்ந்தது மோட்டார். அங்கே இதை யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

சிவகங்கை மாவட்ட சுகாதார நிர்வாகம் இனியும் சாக்குச் சொல்ல வேண்டாம். சிவகங்கையில் மருத்துவக் கல்லூரி வந்தது 2012-இல். எழத் திணறும், நடை பிந்தும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் சி.பி.கே. சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே எழுதப்பட வேண்டும். அங்கன்வாடிப் பணியாளருக்கும் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியருக்கும் அந்தத் தொடை ஊன்றலைக் காட்டிக் கொடுக்க வேண்டும். தனியார் மருத்துவர்கள் சீட்டில் நோயின் பெயரை எழுத வேண்டும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். ஏற்கெனவே 'நரம்பு வீக்' என்று எழுதிக் கொடுத்த சீட்டுகளுக்கு உரிய பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், இந்தப் பள்ளி ஆண்டு முடிவதற்குள்.