பயிருக்கு ஆடுதுறை, பிள்ளைக்கு யார்?

தஞ்சை வட்டாரத்தில் சம்பா நாற்று மஞ்சளித்தால் யாரிடம் போவது என்று எந்த உழவரும் திகைப்பதில்லை. வட்டாரந்தோறும் வேளாண்மை விரிவாக்க மையம் உண்டு. அதற்கு மேல், 1922இல் தொடங்கிய ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் உண்டு. பூச்சியா, சத்துக் குறைவா என்று பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறார். பார்க்காமல் மருந்தடிப்பவரை ஊரே ஏசும்.

அதே வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை சொல்பேச்சுக் கேட்கவில்லையென்றால்? வாத்தியாரிடம் போய், ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்’ என்பார்கள். பிறகு சோதிடர், மந்திரிப்பு, தாயத்து. எதுவும் பலிக்காவிட்டால் விளக்குமாறு இருக்கவே இருக்கிறது. ‘அடியாத மாடு படியாது’ என்று பழமொழியும் துணைக்கு வரும். அந்த மாட்டுக்கு நோவென்றால்கூட நாம் கால்நடை மருத்துவரைத்தான் அழைக்கிறோம்.

இலக்கிய நண்பர்கள் சிலர் திண்ணைப் பள்ளியின் கோதண்டத்தைப் பெருமூச்சோடு நினைவுகூர்வதுண்டு. ‘அடிவாங்கித்தான் படித்தோம், கெட்டா போனோம்?’ என்பார்கள். கெட்டுப்போனவர்கள் நினைவலைகள் எழுத வருவதில்லை என்பதே அதற்கான பதில்.

2003இல் தமிழகக் கல்வி விதிகளும் 2009இல் கல்வி உரிமைச் சட்டமும் ஆசிரியர் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கின. நல்ல காரியம். ஆனால் வீட்டுக்குள் பெற்றோர் அடிப்பதை முழுமையாகத் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் இன்றும் இல்லை. பிரம்புக்கு மாற்றாக என்ன செய்வது என்று அந்தப் பெற்றோருக்குச் சொல்லித்தரவும் எவரும் முன்வரவில்லை.

‘1098 இருக்கிறதே, தஞ்சை மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறதே’ எனலாம். முன்னது ஆபத்திலிருக்கும் குழந்தைக்கு, பின்னது நோய்க்கு. நோயும் இல்லாமல், ஆபத்தும் இல்லாமல், வெறுமே அடம்பிடிக்கும் பிள்ளையின் தாய் எந்த வாசலில் நிற்பாள்? மனநலப் பிரிவின் வாசலில் நின்றால் ஊர் என்ன பெயர் வைக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

இதில் பலியாவது யார்? காது மந்தமான பிள்ளை ‘திமிர்’ என்று அடிபடுகிறது. எழுத்துகளைப் பிரித்தறியத் திணறும் பிள்ளை ‘சோம்பேறி’ என்று அடிபடுகிறது. பயிற்சி பெற்ற ஒருவர் சற்று நேரம் கவனித்தால் ஐயமாவது எழும். அடிப்பவருக்கு அந்த ஐயம் எழ வழியில்லை. அடிபட்ட பிள்ளையோ குறையை மறைக்கக் கற்றுக்கொள்கிறது.

ஸ்வீடன் 1979இல் பெற்றோர் அடிப்பதைத் தடை செய்தபோது, அடிக்காமல் வளர்ப்பது எப்படி என்று விளக்கும் கையேட்டைக் குழந்தையுள்ள வீடுகளுக்கெல்லாம் அனுப்பியது. பால் அட்டைப்பெட்டிகளிலும் செய்தியை அச்சிட்டது. நம் ஆவின் உறைகளில் இடமில்லையா? இரண்டு முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் அனைவருக்கும் வளர்ப்புப் பயிற்சி எளிதில் கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் பரிந்துரைத்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாளன்று பிள்ளையை எடைபோடுகிறார்கள். அங்கேயே பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் அமர்ந்து, ‘வீட்டில் எப்படி இருக்கிறான்?’ என்று தாயிடம் கேட்டால் போதும். தொடக்கத்துக்கு அது போதும்.

‘பெற்றவளுக்குத் தெரியாததா?’ என்று கேட்பவர்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாக நடவு நட்டவரிடம் ‘உனக்கு ஆடுதுறை எதற்கு?’ என்று அவர்கள் கேட்டதில்லை. நெல்லுக்குத் தந்த மரியாதையைப் பிள்ளைக்கும் தாருங்கள் என்பதற்கு மேல் இங்கே கோரிக்கை ஏதுமில்லை.