இனி எதை நிறுத்துவது?



மழை பிடித்துவிட்டால் எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி, பிள்ளைகளின் சளியையும் காய்ச்சலையும் பற்றியே இருக்கும். இம்முறை அரநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு இரண்டரை வயது. ஒரு சளி விட்டுப் போகுமுன் அடுத்தது வந்துவிடுகிறதாம், இடையிடையே வயிற்றோட்டமும். குளிர்ச்சி என்று மாமியார் சொன்னதால் வாழைப்பழத்தை நிறுத்தினார். பிறகு தோடம்பழமும் தயிரும் நின்றன. சூடு என்று முட்டை போயிற்று. சளி கட்டும் என்று யாரோ சொல்லப் பால்மாவும் போயிற்று. இப்போது பிள்ளைக்குக் கிடைப்பது சோறும் ரசமும், தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட்டும். அப்படியும் காய்ச்சல் வருகிறதே, இனி எதை நிறுத்த வேண்டும் என்று கேட்கிறார்.

தங்கச்சி, இனி நிறுத்த ஒன்றும் மிச்சமில்லை. நிறுத்தியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

சுகமாக வளரும் சின்னப் பிள்ளைக்கே வருடத்துக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது வழக்கம். பிள்ளைக் காம்பராவில் மற்றப் பிள்ளைகளோடு இருந்தால் பத்து, பன்னிரண்டு என்றும் போகும். ஒவ்வொரு சளியும் ஒரு வாரம், பத்து நாள் இழுக்கும். கூட்டிப் பாருங்கள், மழை மாதங்களில் மூக்கு காய்ந்த நாளே இருக்காது. தாய் எங்கோ தவறியதால் வருவதல்ல இது. கிருமிகளை உடம்பு ஒவ்வொன்றாய்ப் பழகிக்கொள்ளும் வயது அது.

சளியைக் கொண்டுவருவது வைரஸ். வாழைப்பழத்துக்கும் தயிருக்கும் அதில் பங்கில்லை. பால் குடித்ததும் தொண்டையில் கொழகொழப்பாகத் தெரிவது பாலும் எச்சிலும் கலப்பதால். அதனால் சளி கூடுவதில்லை. பின்னே, நிறுத்தியதும் சுகமானதே என்பீர்கள். சளி ஒரு வாரத்தில் தானாகவே போகிற நோய். அந்த வாரத்தில் எதை நிறுத்தினோமோ அதன் தலையில் பழி விழுகிறது, நிறுத்தச் சொன்னவருக்குக் கெட்டிக்காரர் என்ற பேரும் கிடைக்கிறது. நம் லயங்களில் அப்படிப் பேர் வாங்கிய பாட்டிமார் நிறையப் பேர்!

நோயையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்த்த ஒரு பழைய ஆய்வைச் சொல்லவேண்டும். மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில், சாந்தா மரியா கவுக்கே என்ற மலைக் கிராமத்தில், 1960களில் லியோனார்டோ மாத்தா என்ற விஞ்ஞானி பிள்ளைகளைப் பிறந்த நாளில் இருந்து வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார். அவர்களுடைய நிறையையும் வந்த நோய்களையும் ஒரே வரைபடத்தில் குறித்தார். தாய்ப்பாலில் நன்றாக ஏறிய கோடு, ஆறு மாதம் தாண்டியதும் தடுமாறத் தொடங்கியது. வயிற்றோட்டம் வந்தால் கோடு இறங்கும். அது எழும்புமுன் இருமல், அதற்குப் பின் மறுபடி வயிற்றோட்டம். நோய் பசியைக் கெடுக்கிறது, மெலிந்த உடம்பு அடுத்த நோய்க்கு இடம் கொடுக்கிறது. இந்தச் சுழலை ஸ்க்ரிம்ஷா என்ற ஊட்டச்சத்து விஞ்ஞானியும் அவரது கூட்டாளிகளும் உலக சுகாதார நிறுவனத்துக்காக 1968இல் ஒரு நூலாகவே எழுதினார்கள். அதே ஸ்க்ரிம்ஷா முன்னின்று குவாத்தமாலாவில் உருவாக்கிய சத்துமா இன்கப்பரினா. சோளமும் சோயாவும் கலந்த நம் திரிபோஷாவும் அந்த வகைதான். அது மெலிந்த பிள்ளையின் பேரில் கிளினிக்கில் கிடைப்பது. வீட்டில் எல்லாருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்தால், உரியவனுக்குச் சேர்வது ஒரு கை அளவுதான்.

நம் நாட்டுப் பிள்ளைகளின் வளர்ச்சிக் கணக்கையும் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17 சதவீதம். தோட்டத்துறையில் 32 சதவீதம். ஏறத்தாழ இரு மடங்கு! இந்தப் பிள்ளைகளின் தட்டில் இருந்து இன்னும் ஒன்றை எடுக்க நமக்கு மனம் வரலாமா?

எடுக்கத்தான் வேண்டும் என்றால் தேத்தண்ணியை எடுங்கள். கொழுந்து பறிக்கும் வீட்டில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சாயத்தில் உள்ள டானின், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். சீனி போட்ட தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வயிற்றை நிரப்பிவிடும், பிறகு சோற்றுக்குப் பசி வராது.

சேர்க்க வேண்டியதற்குக் கடைச் சத்துமா டின் தேவையில்லை. குழைத்த சோற்றில் பருப்பு, ஒரு கரண்டி தேங்காயெண்ணெய், முருங்கைக்கீரை, பொடித்த நெத்தலி. முட்டை கிடைக்கும் நாளில் முட்டை. சப்ரகமுவவில் பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் குறைவில்லை, அவித்து மசித்தால் பிள்ளை விரும்பும். கொய்யாவோ இரண்டு சொட்டு தேசிக்காய்ப் புளியோ சேர்ந்தால் கீரையின் இரும்பு நன்றாக உடம்பில் ஏறும்.

காய்ச்சல் நாளில் பத்தியம் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அதை நிறுத்தவே கூடாது. வயிற்றோட்டத்துக்கு ஜீவனிக் கரைசலைக் கொடுங்கள், டொக்டர் தரும் சிங்க் மருந்தை 10 முதல் 14 நாள் கொடுங்கள். சுகமான பிறகு இரண்டு கிழமைக்குத் தினம் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள். மாத்தாவின் வரைபடத்தில் விழுந்த கோடு எழும்ப நேரம் கிடைக்காமல் போனதே, அந்த நேரம் இதுதான்.

உண்மையாகவே ஓர் உணவு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு. பால் குடித்தால் தோல் தடித்து வீங்குவது, மலத்தில் இரத்தம், விடாத வாந்தி என்றால் டொக்டரிடம் காட்டுங்கள். அவர் சொன்னால் அந்த ஒன்றை மட்டும் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்தி, அவர் கண்காணிப்பில் மறுபடி கொடுத்துப் பார்ப்பதே சோதனை. ஒரே மாதத்தில் ஐந்தை நிறுத்தினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

சாப்பாடு மட்டும் காரணமல்ல என்பதும் தெரியும். விறகுப் புகை சுற்றும் ஒற்றைக் காம்பராவில் இருமல் நிற்பது கஷ்டம். தோட்டத்து நாட்சம்பளத்தில் முட்டை ஓர் ஆடம்பரம். இதைத் தாயின் தலையில் மட்டும் சுமத்துகிறவர்கள் லயத்தில் ஒரு மழைநாளைக் கழித்துப் பார்க்கட்டும்.

வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. ஒரு வயது தாண்டிய பிள்ளை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், இரண்டு மாதத்தில் இருந்து ஒரு வயது வரை 50 தடவையோ அதற்கு மேலோ என்றால், அல்லது மூச்சிழுக்கையில் நெஞ்சு உள்வாங்கினால், எதையும் குடிக்க முடியாமல் சோர்ந்தால், வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினாலும், நிறை இரண்டு மாதம் ஏறாமல் நின்றாலும் கிளினிக்கில் காட்டவேண்டும்.

அந்தத் தாயின் கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் சிங்களத்தில் சொல்வது பாதி புரியவில்லை, திருப்பிக் கேட்க வெட்கம் என்று எழுதியிருக்கிறார். கேகாலைத் தோட்டங்களில் இது அவர் ஒருவரின் கதையல்ல. ஆகவே இரண்டு மொழியும் தெரிந்த வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த கிளினிக் நாளில் உங்கள் லயத்தில் இப்படி ஒரு தாய் இருந்தால் கூடப் போங்கள். மிஸ் சொல்வதைத் தமிழில் சொல்லுங்கள், தாய் கேட்க நினைப்பதைச் சிங்களத்தில் கேளுங்கள். அரை நாள் வேலை கெடும் என்பது தெரியும், தெரிந்துதான் கேட்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்