கூலி என்பது வசைச்சொல்லா?

மாணவர்கள் சிலர் ஒருவரை மட்டம் தட்ட 'கூலி' என்கிறார்கள். அச்சொல் கடந்து வந்த பாதையை அறிந்தால் அப்படிச் சொல்ல நா எழாது என்பது என் கருத்து.

தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். முயற்சியின் பலனைத் திருவள்ளுவர் 619ஆம் குறளில் இச்சொல்லால்தான் குறிக்கிறார். மலாயிலோ 'கூலி' என்பது உழைக்கும் ஆளையே குறிக்கும். இந்தியில் அவர் ரயில் நிலையச் சுமைதூக்கி. சீனர்கள் இவ்வொலியை எழுத, 'கசப்பு', 'வலிமை' எனப் பொருள்படும் இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தனர். ஆங்கிலத்தில் அது ஆசியத் தொழிலாளரை இழிவுபடுத்தும் சொல்லானது. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களை ஏசவே பயன்பட்டது. ஆங்கிலச் சொல்லின் வேர் தமிழா, குஜராத்தின் 'கோலி' என்ற சமூகப் பெயரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

வேர் எதுவானாலும், சம்பளத்தின் பெயரால் மனிதனை அழைத்தபோது மனிதன் மறைந்தான். அவன் விலை மட்டுமே மிஞ்சியது. ரப்பர் தோட்டங்களில் நம் முன்னோரும் அப்படித்தான் அழைக்கப்பட்டனர். அவர்கள் பட்ட அவமானத்தை நாமே நண்பர்மீது வீசலாமா?

விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து நாம் வாங்குவதும் கூலிதான். அதைப் பெருமையோடு சொல்வோம். உழைப்பவரை மட்டும் பெயர் சொல்லி அழைப்போம்.