காரணம் சொல்லாத கீழ்ப்படிதல்

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் 'சாங்ஷன்' என்பது பொதுவாக நல்ல செய்தி. கடன் சாங்ஷன் ஆகிவிட்டது என்றால் பணம் வரப்போகிறது என்று பொருள். அதே வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவிலோ, அதே சொல் பணம் வராது என்பதைக் குறிக்கும். இச்சொல்லின் இலத்தீன் மூலம் சட்டத்தை உறுதிப்படுத்துவதையும், அதை மீறுவோருக்கான தண்டனைப் பகுதியையும் சேர்த்தே குறித்தது. ஒப்புதலும் ஒறுத்தலும் ஒரு சொல்லுக்குள் குடியிருப்பது மொழியியல் வகுப்பில் சுவையான எடுத்துக்காட்டு. ஏற்றுமதியாளருக்கு அதில் சுவை ஏதுமில்லை. ஒரு நாடு ஒப்புவதை இன்னொரு நாடு தண்டிக்கும்போது, இரண்டிலும் கால்வைத்திருக்கும் நிறுவனங்கள் என்ன செய்கின்றன? வலுவான நாட்டின் சட்டத்துக்குப் பணிகின்றன என்பது வழக்கமான விடை. அது பாதி உண்மை. எந்தச் சட்டத்துக்குப் பணிந்தோம் என்பதைச் சொல்லாமல் பணிகின்றன என்பது மறுபாதி. ஆய்வுலகம் இந்த மறுபாதியைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

இந்த நெருக்கடி மட்டாஞ்சேரிக்குப் புதிதன்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் 'கர்த்தாஸ்' என்ற கடற்பயணச் சீட்டைக் கட்டாயமாக்கினர். சீட்டு இல்லாத கப்பல் பறிமுதல் செய்யப்படும்; சீட்டு பெற்ற கப்பலும் மிளகை விருப்பம்போல் ஏற்ற முடியாது. அது கொச்சி அரசர் இயற்றிய சட்டமும் அன்று, சாமூதிரி இயற்றியதும் அன்று. எங்கோ லிஸ்பனில் பிறந்த ஆணை இந்துமாக்கடல் முழுவதற்கும் சட்டமாயிற்று. வணிகர்கள் அதை எதிர்த்து அறிக்கை விடவில்லை. மிளகின் ஒரு பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்கள் வழியே பொதிமாடுகளின் முதுகில் தமிழ்நாட்டுக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. கடலில் கீழ்ப்படிந்தவர்கள் மலையில் மீறினார்கள். இன்றைய வணிகருக்கு அந்த மலைப்பாதையும் இல்லை. இன்றைய தடை கப்பலைத் தேடிப் போவதில்லை. பணம் செல்லும் வழியில் உட்கார்ந்துகொள்கிறது.

மட்டாஞ்சேரியின் எதிர்க்கரையில், வில்லிங்டன் தீவில், 1947 முதல் தேயிலை ஏலம் நடைபெற்று வருகிறது. இந்தியாவின் ஆர்த்தடாக்ஸ் தேயிலையை வாங்கும் முதன்மை நாடுகளுள் ஈரானும் ஒன்று. ஈரானுடன் உணவுப்பொருள் வணிகம் செய்ய அமெரிக்கத் தடைச் சட்டங்களிலேயே விலக்கு உண்டு. இந்தியாவோ ஐ.நா. பாதுகாப்பு அவையின் தடைகளைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை என்று பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறது. ஆக, தேயிலைக்கு எந்தப் பக்கத்துச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. ஆனாலும் வங்கிகள் ஒதுங்கின. பி.என்.பி. பாரிபா வங்கி சூடான், ஈரான், கியூபா தொடர்பான பரிமாற்றங்களுக்காக 2014-இல் அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 900 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டதைப் பார்த்த பிறகு, விலக்குப் பிரிவைப் படித்துப் பார்க்கும் பொறுமை எந்த வங்கிக்கு இருக்கும்?

அதனால்தான் 2012-இல் யூகோ வங்கி வழியாக ஒரு மாற்றுவழி அமைந்தது. ஈரானிய எண்ணெய்க்கான விலையின் ஒரு பகுதி ரூபாயாக அவ்வங்கியில் வைக்கப்பட்டது. ஈரான் அந்த ரூபாயைக் கொண்டு இங்கிருந்து அரிசியும் தேயிலையும் வாங்கியது. அமெரிக்காவில் இழப்பதற்குப் பெரிதாக ஏதுமற்ற வங்கி என்பதே யூகோவின் தகுதி. 2019 மே மாதம் எண்ணெய்க்கான அமெரிக்க விலக்கு முடிவுக்கு வந்தது. இந்தியா வாங்குவதை நிறுத்தியது. ரூபாய் இருப்பும் கரைந்தது. விலக்கு எண்ணெய்க்கு முடிந்தது. வழி தேயிலைக்கு அடைபட்டது. இந்தியாவில் ஈரானுடனான வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் எதுவும் அப்போது இயற்றப்படவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சிறு வணிகருக்கு மட்டுமே இந்த நிலை என்று கருத இடமில்லை. குஜராத்தின் வாடினாரில், ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜியை ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலை 18 அன்று தன் தடைப்பட்டியலில் சேர்த்தது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனத்துக்கு அதில் 49.13 விழுக்காடு பங்கு உண்டு. (அமெரிக்க விதிப்படி, தடைக்குள்ளான ஒருவர் 50 விழுக்காடோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனமும் தானாகவே தடைக்குள்ளாகும். 49.13 என்ற எண்ணின் அழகு அங்கேதான் விளங்கும்.) சில நாள்களில் மைக்ரோசாஃப்ட், நயாராவின் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் ஓர் அமெரிக்க நிறுவனம். நயாராவோ அப்போது அமெரிக்கத் தடைப்பட்டியலில் இல்லை. சேவை நுகரப்பட்ட இடம் இந்தியா. முன்னறிவிப்பு ஏதுமின்றி, ஐரோப்பியத் தடைக்குத் தானே ஒரு பொருள் கொண்டு இவ்வாறு செய்தது என்பது நயாராவின் குற்றச்சாட்டு. அது தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது, ஜூலை முடிவதற்குள் சேவைகள் திரும்பின, வழக்கும் முடிந்துபோயிற்று. எந்த நாட்டின் எந்தப் பிரிவு, யாரை, எங்கே கட்டுப்படுத்தியது என்ற வினா தீர்ப்பாக மாறாமலே நின்றுவிட்டது.

இந்த மௌனம் தற்செயலானதன்று. அது ஆவணங்களின் மொழியிலேயே கட்டப்பட்டுள்ளது. லண்டன் காப்பீட்டுச் சந்தையில் 2010 முதல் புழங்கிவரும் தடைவிலக்குப் பிரிவு, ஐ.நா., ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், அமெரிக்கா ஆகியவற்றின் தடைக்குக் காப்பீட்டாளரை ஆளாக்கும் எந்த இழப்பீடும் வழங்கப்படாது என்கிறது. இந்தியக் கடல்சார் காப்பீட்டு ஆவணங்களிலும் இத்தகைய பிரிவு இடம்பெறுகிறது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. தான் ஏற்பதில்லை என்று ஒரு நாடு உலகுக்கு அறிவித்த சட்டங்களுக்கு, அந்நாட்டின் குடிமகன் ஒரு கையொப்பத்தால் உட்படுகிறான். ஒப்பந்தங்களில் வரும் 'பொருந்தும் சட்டங்கள்' என்ற தொடரும் இவ்வகைதான். பொருந்துவது சட்டம் என்று வாக்கியம் சொல்கிறது. பொருத்துகிறவர் யார் என்பதை அது சொல்வதில்லை.

மாற்று என்ன? ஐரோப்பா 1996-லேயே ஒரு தடுப்புச் சட்டம் இயற்றியது. குறிப்பிட்ட அமெரிக்கத் தடைகளுக்கு ஐரோப்பிய நிறுவனங்கள் பணியக் கூடாது என்பது அதன் சாரம். 2018-இல் ஈரான் மீது அமெரிக்கா மீண்டும் தடை விதித்தபோது அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டது. அந்த மாதத்திலேயே டோட்டல் நிறுவனம் ஈரானின் எரிவாயு வயலைவிட்டு வெளியேறியது. இதைக் கொண்டு அச்சட்டத்தைக் காகிதப் புலி என்போர் உண்டு. அவர்கள் சொல்வது பெருமளவு சரியே. இரண்டு அபராதங்களுள் சிறியதைத் தேர்ந்தெடுப்பது கணக்காளரின் வேலை. அதற்கு அறநெறி தேவைப்படுவதில்லை.

ஆயினும் அச்சட்டத்திலிருந்து விளைந்த ஒரு தீர்ப்பு கவனத்துக்குரியது. ஜெர்மனியின் டெலிகாம் நிறுவனம் 2018-இல் ஈரானின் மெல்லி வங்கியுடனான தொலைபேசி ஒப்பந்தங்களைக் காரணம் கூறாமல் முறித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2021 டிசம்பர் 21 அன்று வழங்கிய தீர்ப்பின்படி, காரணம் கூறாமல் ஒப்பந்தத்தை முறிக்கலாம். ஆனால் அமெரிக்கத் தடைக்குப் பணிந்ததாக முதல்நோக்கில் சான்றுகள் காட்டினால், அவ்வாறு இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும். மௌனத்துக்கு விலை வைத்த தீர்ப்பு இது. ஆஸ்திரியாவில் 2007-இல் பாவாக் வங்கி கியூபர்களின் கணக்குகளை மூடியது. அமெரிக்க முதலீட்டாளர் அவ்வங்கியை வாங்கவிருந்ததே காரணம் என்பது வெளிப்பட்டு, அரசும் நடவடிக்கை தொடங்கிய பின், வங்கி அமெரிக்காவிடம் சிறப்பு அனுமதி பெற்றுக் கணக்குகளைத் திரும்பத் திறந்தது. காரணம் வெளியே வந்ததால்தான் அதற்குப் பரிகாரமும் தேட முடிந்தது.

இந்தியாவில் 1947-ஆம் ஆண்டின் ஒரு சட்டம் ஐ.நா. தடைகளைச் செயற்படுத்துகிறது. பிற நாடுகளின் தடைகளைப் பற்றி வெளியுறவு அமைச்சகத்தின் அறிக்கைகள் உண்டு, சட்டம் இல்லை. சீனா 2021-இல் இயற்றியதுபோல் பதிலடிச் சட்டம் வேண்டும் என்ற குரல் நயாரா நிகழ்வுக்குப் பின் எழுவது இயல்பே. அது பெரிய நிறுவனங்களை இரண்டு தீக்கு நடுவே நிறுத்தும். மட்டாஞ்சேரியின் தேயிலைப் பெட்டிக்கு அதனால் ஒரு வங்கியும் கதவு திறக்காது. அதைவிட எளியதும் பயன்மிக்கதும் காரணம் கேட்கும் உரிமை. மென்பொருள், காப்பீட்டு நிறுவனங்களை அதற்கு உட்படுத்தத் தனிச்சட்டமோ விதிகளோ தேவைப்படலாம். வங்கிகளைப் பொறுத்தவரை அதுகூடத் தேவையில்லை. ஏற்றுமதி ஆவணத்தை மறுக்கும் வங்கி, 'எங்கள் கொள்கைப்படி' என்று எழுதாமல், எந்த நாட்டின் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறது என்று எழுதித் தரவேண்டும் என ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டால் போதும். உணவுக்கான விலக்குப் பிரிவின் எண்ணை அந்தத் தாளின் ஓரத்தில் குறித்து, வணிகர் அதைத் திருப்பி அனுப்பலாம்.