வயலுக்கும் ஒரு சாளரம்

திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் விடியற்காலையில் சென்னைக்குப் புறப்படும் மின்சார ரயில்களில், வியாபாரிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பெட்டியில் ஏறிப் பார்ப்பவர்களுக்கு, ஈரச் சாக்கில் சுற்றிய அரைக்கீரைக் கட்டும் முளைக்கீரைக் கட்டும், வேரில் ஒட்டிய மண் இன்னும் காயாத நிலையில் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கும் காட்சி பழகிப்போன ஒன்று. அந்தக் கீரை விளைந்த நிலம் நாளையும் இருக்குமா என்று கேட்பவர்தாம் நம்மில் அரிது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டபோது, திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி, ஏரிப் பாசன நன்செய்யும் மானாவாரிப் புன்செய்யும் தோப்பும் துரவுமாக, பெருநகரத்தின் அங்கமாகிவிட்டது. உழுபவர் இடம் பெயரவில்லை. நகரம் அவரைத் தேடி வந்து சேர்ந்திருக்கிறது.

இப்படி நகர எல்லைக்குள் அகப்பட்டுக்கொண்ட அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலங்களில், உப்பு உரமும் பூச்சி மருந்தும் இடாமல், சாணமும் கோமியமும் பாலும் தயிரும் நெய்யும் கலந்த பஞ்சகவ்வியத்தையும் மக்கிய எருவையும் மட்டுமே நம்பிக் காய்கறி பயிரிட விரும்புகிறவர்களுக்கு நேரும் சிரமம் வானத்திலிருந்தோ பூமியிலிருந்தோ வருவதன்று, காகிதத்திலிருந்து வருவது. கருவிகள் வைக்க ஒரு கொட்டகை எழுப்ப வேண்டுமானால் உள்ளாட்சியின் கட்டட அனுமதி; கிணறு இறக்க வேண்டுமானால், 1987-ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டம் செல்லுபடியாகும் ஊர்களில் அதற்குத் தனி அனுமதி; மோட்டாருக்கு மின்வாரியம்; விளைந்ததை வாசலில் விற்கத் தொழில் உரிமம்; இயற்கை விளைபொருள் என்று சொல்லி விற்க விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையின் சான்றோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் சோதித்து வழங்கும் பங்கேற்பு உத்தரவாதச் சான்றோ. ஒவ்வொன்றும் நியாயமான ஏற்பாடுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், ஊருக்கு நடுவே பயிர் செய்வது என்ற ஒரே காரியமாக இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்து, ஆகும் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடிய அதிகாரி எந்த அலுவலகத்திலும் இல்லை.

தொழிற்சாலை அமைக்க வருகிறவருக்கோ நிலைமை முற்றிலும் வேறு. தொழில் தொடங்குவதை எளிதாக்கவென்றே 2018-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஒற்றைச் சாளர முறையில் விண்ணப்பம் பெறப்படுகிறது. இத்தனை நாட்களுக்குள் பதில் தரவேண்டும் என்ற நியதியும் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தால் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அடுப்பெரிகிறது என்பதை மறந்து பேசுவது தர்மமாகாது. ஆலைக்குக் கொடுத்த சௌகரியத்தைப் பறிக்கும்படி நான் கேட்கவில்லை. அதே மரியாதையை ஒரு ஏக்கர் கீரைத் தோட்டத்துக்கும் கொடுக்கும்படி கேட்கிறேன்.

இந்த வட்டாரத்துக்கு அந்த மரியாதை மறுக்கப்பட்ட அனுபவம் உண்டு. கும்மிடிப்பூண்டி வட்டத்திலுள்ள தேர்வாய் கண்டிகையில், பெரும்பாலும் தலித் குடும்பங்கள் ஆடு மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் ஜீவனம் செய்துவந்த, தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்கால் நிலமும் குறுங்காடும் சிப்காட் தொழிற்பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டன. 2009-இல் பிரெஞ்சு டயர் நிறுவனமான மிச்சலின் அங்கு ஆலை அமைக்கத் தமிழ்நாட்டு அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஊரார் போராடினார்கள், வழக்காடினார்கள். 2012-இல் அவர்களுடைய முறையீடு பிரான்ஸ் தேசத்துச் சங்கங்களின் துணையோடு பாரிஸ் வரை போயிற்று. ஆலை எழுந்துவிட்டது. அந்தக் கிராமத்தாருக்குப் பாரிஸில் கிடைத்த துணையில் ஒரு பாதியாவது, அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் சென்னையிலிருந்தும், அதைவிட அருகிலிருக்கும் நம்முடைய சிற்றூர்களிலிருந்தும் கிடைத்ததா என்று எண்ணிப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் காப்பது அங்கே வாழ்கிறவர்களின் பொறுப்பு என்று விட்டுவிட்டு, அவற்றின் பலனை உண்கிறவர்கள் ஒதுங்கி நின்றுவிட்டார்கள்.

நேர்மாறான உதாரணம் கல்கத்தாவில் உண்டு. அந்நகரத்தின் கிழக்கே, ஊர்க் கழிவுநீரைக் குளங்களில் தேக்கி, வெயிலுக்கும் பாசிக்கும் விட்டுத் தெளியவைத்து, அதிலே மீன் வளர்த்து, எஞ்சிய நீரால் நெல்லும் காய்கறியும் விளைவிக்கும் பெரும் சதுப்புப் பரப்பைக் கட்டடங்கள் விழுங்க முற்பட்டபோது, வழக்குத் தொடுத்தவர்கள் நகரவாசிகள். ‘பப்ளிக்’ என்ற குடிமக்கள் அமைப்பின் பிரயத்தனத்தால் 1992-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அந்த நிலத்தைக் காக்கும் தீர்ப்பை வழங்கிற்று. 2002-இல் அந்த 12,500 ஹெக்டேரும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆக்கிரமிப்பு முற்றிலும் நின்றுபோகவில்லை என்றாலும், மீனையும் காய்கறியையும் உண்கிறவர்கள் வாய் திறந்ததால், விளைவிக்கிறவர்களுக்குச் சட்டத்தின் துணை கிடைத்தது.

நகரத்துக்குள் பண்ணை கூடாது என்பவர்கள் சொல்லும் ஆட்சேபங்களில் ஒன்று கனமானது. இரும்பு உருக்கும் ஆலைகளும் இரசாயன ஆலைகளும் சூழ்ந்த இடத்தில் விளையும் கீரையை நம்பிக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதே அது. உரம் போடவில்லை என்பதால் மட்டும் மண் சுத்தமாகிவிடாது. கீரை வகைகள் மண்ணிலுள்ள காட்மியம் முதலிய கன உலோகங்களை எளிதில் ஈர்த்துக்கொள்ளும் சுபாவம் உடையவை. நீர் விஷயத்தில் இந்த மண் ஏற்கெனவே பட்ட துன்பமும் சிறிதன்று. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் கிணறுகளிலிருந்து 1960-களின் பிற்பகுதி தொட்டுச் சென்னைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டே வந்ததில், மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்து, வயற்கிணறுகள் உப்புக் கரித்தன. ஆகையால் அனுமதி கேட்கும் ஒவ்வொரு பண்ணையின் மண்ணையும் நீரையும் கன உலோகத்துக்கும் உப்புக்கும் சோதிப்பது கட்டாயமாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் சோதித்து, முடிவைப் பண்ணை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். தேறாத நிலத்தில் உணவுப் பயிருக்கு அனுமதி தரவே கூடாது. அந்தச் சோதனையின் செலவை ஒரு ஏக்கர்க்காரர் தலையில் கட்டுவது மட்டும் நியாயமன்று. கெடுதல் அவரால் வந்ததல்ல. செலவை அரசு ஏற்கட்டும். இப்படிப்பட்ட பண்ணை ஒன்று ஊருக்குள் இருந்தால், ஆலைப் புகையும் கழிவும் மண்ணை என்ன செய்கின்றன என்பதை ஆண்டுக்கு ஒரு முறை நமக்கு எழுத்தில் சொல்லும் சாட்சியாகவும் அது விளங்கும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

எருக்குழி நாற்றம், ஈ, கொசு என்ற மற்ற ஆட்சேபங்களுக்கு எருக்குழியை மூடிவைப்பதும், வீடுகளிலிருந்து இத்தனை அடி தள்ளியிருக்க வேண்டும் என்று விதிப்பதும் போதுமான பரிகாரம். மோட்டார் தொழில் நசிந்து காலி மனைகள் பெருகிய அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 2013-இல் இதைத்தான் செய்தது: ஒரு ஏக்கருக்கு உட்பட்டது நகரத் தோட்டம், அதற்கு மேற்பட்டது நகரப் பண்ணை என்று சட்டத்தில் பெயர் சூட்டி, எங்கே எது ஆகும் என்று வரையறுத்தது. அதுவரை அங்கே விதிக்குப் புறம்பாக நடந்துவந்த பயிர்த்தொழில் விதிக்குள் வந்தது.

நம் சர்க்காருக்கு இதில் மனமில்லை என்று சொல்லவும் இயலாது. மாடித் தோட்டத்துக்கென்று பைகளும் விதையும் மானியத்தில் வழங்கும் திட்டம் 2013-14 முதல் நடக்கிறது. 2023 மார்ச்சில் இயற்கை வேளாண்மைக் கொள்கையும் வெளியிடப்பட்டது. மொட்டைமாடியில் பைக்குள் வளரும் கத்தரிச் செடிக்குக் கிடைத்த அங்கீகாரம், அதே தெருக்கோடியில் தரையில் வளரும் கத்தரிக்கும் கிடைக்க வேண்டும் என்பதே இப்போது மிச்சமிருக்கும் காரியம்.

அதற்குக் காலமும் கனிந்திருக்கிறது. சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ எல்லையாகக் கொண்டது. அடுத்த திட்டமும், விரிந்த பகுதிகளுக்கான புதுநகர்த் திட்டங்களும் வரையப்படும் இந்த வேளையில், நகர வேளாண்மை என்ற ஒரு பிரிவை அவற்றில் சேர்ப்பதும், திருவள்ளூர் நகராட்சியிலும் பொன்னேரி நகராட்சியிலும் கும்மிடிப்பூண்டிப் பேரூராட்சியிலும் இத்தகைய விண்ணப்பங்களைப் பெற்றுக்கொள்ள ஒரே ஒரு மேஜையை ஒதுக்குவதும் பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கிராமங்களில் கிராம சபை கூடுவதுபோல, 2022 நவம்பர் 1-ஆம் தேதி முதல் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கியிருக்கின்றன. சாலையும் சாக்கடையும் தெருவிளக்கும் பேசப்படும் அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் போங்கள். உங்கள் வார்டில் மிஞ்சியிருக்கும் வயலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதற்கு மண் பரிசோதனையும் அனுமதியும் வேண்டும் என்று எழுந்து நின்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.