காலை வணக்கம் வராத அன்று...

காலை 6 மணிக்கு ஒரு செம்பருத்தி. 6.05-க்கு வேலோடு முருகன். 6.10-க்கு ஆவி பறக்கும் காபி டம்ளர், அதன் கீழே 'இந்த நாள் இனிய நாளாகட்டும்'. வாட்ஸ்அப் குழுக்களில் பொழுது இப்படித்தான் விடிகிறது. பார்த்தவுடன் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போகிறவர்களே அதிகம். 'வேற வேலையே இல்லையா இவங்களுக்கு?' என்று ஒருமுறையாவது முணுமுணுக்காதவர்கள் குறைவு.

சென்னைப் புறநகரில் 48 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலும், ஏன், உங்கள் தெருவிலேயே இப்படி ஒன்று இருக்கும். அங்கேயும் ஒரு குழு. தண்ணீர் லாரி எப்போது வரும், லிஃப்ட் ஏன் பாதியில் நிற்கிறது, மெயின்டனன்ஸ் பாக்கி யார் யார் என்பதற்கெல்லாம் நடுவே தினமும் ஆறு மணிக்கு ஒரு பூ வரும். அனுப்புகிறவர் மூன்றாவது மாடி டீச்சர். ஓய்வுபெற்றுப் பத்து வருடம் தாண்டிவிட்டது. கணவர் இல்லை. மகள் புனேயில். யாரோ அனுப்பியதை அப்படியே தள்ளிவிடும் பூ அல்ல அது. அவர் பால்கனித் தொட்டியில் அன்றைக்குப் பூத்தது. பூக்காத நாளில் மொட்டு வரும்.

புதிதாகப் பொறுப்புக்கு வந்த செக்ரட்டரி, ஐ.டி. வேலையில் இருக்கும் இளைஞர். சுறுசுறுப்பானவர், நல்லவரும்கூட. மோட்டார் பழுது, ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர் வராது என்று ஒருநாள் அவர் போட்ட அறிவிப்பு, பூவுக்கும் யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவில் புதைந்துபோனது. தலையில் ஷாம்பூ நுரையோடு நின்றவர்கள் அவரைத்தான் திட்டினார்கள். அன்று இரவே விதி வந்தது: 'இனி குடியிருப்பு சம்பந்தப்பட்ட செய்திகள் மட்டும். குட் மார்னிங், ஃபார்வர்டு, வாழ்த்து எதுவும் வேண்டாம்.' அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. டீச்சரும் ஒரு கட்டைவிரல் போட்டார். மறுநாள் முதல் பூ வரவில்லை.

செக்ரட்டரி மீது தப்புச் சொல்லவும் முடியாது. இந்தியாவில் இத்தனை ஸ்மார்ட்போன்கள் ஏன் இடமில்லாமல் திணறுகின்றன என்று கூகுள் ஆராய்ந்து பார்த்தபோது, பூவும் சூரியோதயமுமாக வந்து குவியும் காலை வணக்கப் படங்கள் முக்கியக் காரணமாகத் தெரிந்தன என்று 2018 தொடக்கத்தில் செய்தி வந்தது. அந்தப் படங்களைத் தேடிப்பிடித்து அழிக்க ஒரு வசதியையே அவர்கள் செய்து கொடுத்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் வணக்கம் கலிபோர்னியா வரை போய் வேலை வைத்திருக்கிறது!

ஆனால், அந்தப் பூவில் செய்தியே இல்லை என்று நினைத்ததுதான் பிசகு.

நம் தெருக்களில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. விடிந்து ஏழு மணியாகியும் ஒரு வீட்டு வாசலில் கோலம் இல்லையென்றால், எதிர்வீட்டு அம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு நிமிடம் அந்தப் பக்கம் பார்ப்பார். 'என்னடி, உடம்புக்கு முடியலையா?' என்று ஒரு குரல் போகும். 'ஒண்ணுமில்லக்கா, தூங்கிட்டேன்' என்று பதில் வந்துவிட்டால் பார்த்தவர் தன் வேலையைப் பார்க்கப் போவார். அந்தக் கோலத்தில் எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அது இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

'சாப்டாச்சா?' என்று கேட்கிறோம். எதிரே இருப்பவரின் கையில் சாம்பார் ஒட்டியிருக்கும்போதே கேட்கிறோம். கூடையோடு நடப்பவரை 'என்ன, மார்க்கெட்டுக்கா?' என்கிறோம். மானுடவியலாளர் பிரானிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி, பப்புவா நியூ கினி பக்கத்துத் தீவுகளில் மக்களோடு தங்கிப் பார்த்துவிட்டு, 1923-ல் இந்த மாதிரிப் பேச்சைப் பற்றி எழுதினார். தகவல் சொல்வதற்காக அல்ல, உறவை அறுந்துபோகாமல் வைத்திருப்பதற்காகவே மனிதர்கள் நிறையப் பேசுகிறார்கள் என்பது அவர் கண்டது. நம் பாட்டிகள் இதைப் படித்திருந்தால், 'இதுக்காகவா அவ்வளவு தூரம் போனார்?' என்று கேட்டிருப்பார்கள்.

ஜப்பானில் இதையே ஒரு பாத்திரத்தில் அடக்கிவிட்டார்கள். தனியாக வாழும் முதியவர் டீக்குத் தண்ணீர் எடுத்தால், வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குத் தகவல் போகும்படியான மின்சார வெந்நீர்ப் பானையை சோஜிருஷி நிறுவனம் 2001-ல் கொண்டுவந்தது. அம்மா டீ குடித்துவிட்டார் என்றால் அம்மா எழுந்துவிட்டார் என்று அர்த்தம். டீச்சரின் செம்பருத்தியும் அந்தப் பானைதான். அதை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

பூ நின்று ஏழெட்டு வாரம் ஆகியிருக்கும். ஒருநாள் அதிகாலை ஐந்தரைக்கு டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். போன் படுக்கையறையில் சார்ஜில். வாசல் கதவு உள்பக்கம் தாழ். வீட்டு வேலைக்கு வரும் அம்மா அன்றைக்கு லீவு. திறந்த குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது.

8.20-க்குக் குழுவில் ஒரு செய்தி வந்தது: 'மூணாவது மாடியில தண்ணி சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. யாரோ டேப்பை மூடல.' குடியிருப்பு சம்பந்தப்பட்ட செய்திதான்; விதிப்படி சரி. அதற்குக் கீழே 'தண்ணியை வீணாக்காதீங்க ப்ளீஸ்' என்று ஒன்று, கும்பிடும் கை ஒன்று. பார்த்தவர்கள் நாற்பத்தொரு பேர். போனவர் எவருமில்லை.

பத்தேமுக்காலுக்கு ஊருக்குக் கிளம்பிய எதிர்வீட்டு அக்கா, டீச்சர் வீட்டுக் கதவில் தொங்கிய பையில் பால் பாக்கெட் அப்படியே இருப்பதைப் பார்த்தார். பெல் அடித்தார். தட்டினார். காதை வைத்துக் கேட்டார். 'டீச்சர்... டீச்சர்...' என்று அவர் போட்ட சத்தத்தில் மாடியே கூடியது. தாழ்ப்பாளை உடைத்து 108-ஐ அழைத்தார்கள். இடுப்பு எலும்பு முறிவு. ஈரத் தரையில் ஐந்து மணி நேரம்.

எலும்பு சேர்ந்துவிடும். பயம் அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றித்தான். வயதானவர் விழுந்த இடத்திலிருந்து எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தாலே, விழுந்த அடியைத் தாண்டி வேறு ஆபத்துகள் வரும். உடம்பில் நீர் வற்றும், சூடு குறையும். அழுந்திக் கிடக்கும் தசை சிதைந்து சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். காலையில் ஆறு மணிப் பூ வரும் பழக்கம் தொடர்ந்திருந்தால், ஆறரைக்கோ ஏழுக்கோ யாராவது ஒருவர் 'இன்னிக்கு பூ எங்க டீச்சர்?' என்று கேட்டிருப்பார். கேட்டிருக்காமலும் போயிருக்கலாம். ஆனால், கேட்பதற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

சரி, அந்த நாற்பத்தொரு பேரும் கல்நெஞ்சக்காரர்களா? இல்லை. 1968-ல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூயார்க்கில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொருவரும் தனித்தனி அறையில். முகம் தெரியாது, ஹெட்போனில் குரல் மட்டும். கல்லூரி வாழ்க்கையின் கஷ்டங்களைப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு குரல் வலிப்பு வந்ததுபோல் திணறித் தவிக்கும். அது ஏற்பாடு செய்யப்பட்டது, மாணவர்களுக்குத் தெரியாது. தன் காதில் மட்டும்தான் அது விழுகிறது என்று நினைத்தவர்களில் 85 சதவிகிதம் பேர் உதவி தேடி ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் ஓடியது 31 சதவிகிதம்தான். உட்கார்ந்திருந்தவர்களும் நிம்மதியாக இல்லை. கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது. 'வேறு யாராவது போயிருப்பார்கள்' என்ற ஒரே நினைப்புதான் அவர்களைக் கட்டிப்போட்டது.

தனித்தனி அறை, முகம் தெரியாத குரல்கள், கேட்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள் என்ற எண்ணம். இன்றைய வாட்ஸ்அப் குழு வேறு என்ன?

இதற்கு மறுபக்கமும் அதே குடியிருப்பில் நடந்தது. விதி வருவதற்கு முந்தைய சங்கதி இது. முதல் மாடியில் ஓர் ஐயா, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். மனைவி இறந்து ஒரு மாதம் இருக்கும். உறவினர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒருநாள் காலை பதினொரு மணிக்குக் குழுவில் அவரிடமிருந்து ஒரு கேள்வி: 'ஒரு ஆளுக்கு ரசம் வைக்க எத்தனை தக்காளி போடணும்?'

அவ்வளவுதான். ஒரு நிமிடம் குழு அமைதியாக இருந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. ஒன்று போதும் என்றார் ஒருவர். சின்னதா இருந்தா ரெண்டு என்றார் இன்னொருவர். பருப்புத் தண்ணீர் விடலாமா கூடாதா என்று தஞ்சாவூர்க்காரருக்கும் திருநெல்வேலிக்காரருக்கும் பெரிய வழக்கே நடந்தது. 'பெருங்காயம் கடைசியில சார்' என்று வேலைக்குப் போகும் வழியில் ஒரு பெண் குரல் செய்தி அனுப்பினார். யாரும் 'ஆறுதல்' என்ற சொல்லைச் சொல்லவில்லை. மதியம் அவர் ரசத்தைப் படம் எடுத்துப் போட்டார். கொஞ்சம் கறுப்பாகத்தான் இருந்தது. சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் இரண்டு டிபன் கேரியர்கள் இருந்தன.

அறிவிப்பு மட்டும் வரும் குழுவில் அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க மாட்டார். இரவு இரண்டு மணிக்குப் பிறந்த குழந்தையோடு விழித்திருக்கும் பெண்ணும் 'அழுகையை நிறுத்தவே மாட்டேங்குறான்' என்று நோட்டீஸ் போர்டில் எழுதமாட்டாள். வெண்டைக்காய் விலையைப் பற்றிப் பேசிப் பழகிய இடத்தில்தான் மனக்கஷ்டமும் மெல்ல வெளியே வரும். உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் சொன்னது. அந்த ஆறில் ஒருவர் நம் குழுவிலும் இருப்பார். பெரும்பாலும் அவர் எதுவும் எழுதாதவராக இருப்பார், அல்லது தினமும் பூ அனுப்புகிறவராக.

டீச்சர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது செக்ரட்டரி குழுவை இரண்டாகப் பிரித்தார். வாட்ஸ்அப்பில் அதற்கு வழி இருக்கிறது. ஒன்று அறிவிப்புக் குழு: நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும், தண்ணீர், கரன்ட், லிஃப்ட். மற்றதற்கு 'டீக்கடை' என்று பெயர் வைத்தார். பூவோ புலம்பலோ எதுவும் வரலாம். சத்தம் பிடிக்காதவர்கள் மியூட் செய்துகொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

தனியாக வசிக்கும் ஐந்து பேரையும் அவர் நேரில் போய்ப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் பொறுப்பு. சம்மதம் கேட்டு, பெயரைக் குறித்து. வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய பூட்டு, அதன் மாற்றுச் சாவி ஒன்று, பிள்ளைகளின் போன் எண். ஏழரைக்குள் டீக்கடையில் ஆளைக் காணவில்லையென்றால் அந்தப் பெயருக்குரியவர் போன் செய்யவேண்டும். எடுக்கவில்லையென்றால் கதவைத் தட்டவேண்டும். 'யாராவது போய்ப் பாருங்களேன்' என்று இப்போது அங்கே யாரும் எழுதுவதில்லை. '2-சி அண்ணா, நீங்க போறீங்களா?' என்றுதான் கேட்கிறார்கள். அண்ணாவும் 'போறேன்' என்று எழுதிவிட்டுத்தான் படியேறுகிறார். 14567 என்ற முதியோர் உதவி எண்ணை லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிறார்கள்.

சண்டை இல்லாமலும் இல்லை. அரசியல் ஃபார்வர்டு ஒன்றால் இரண்டு பேர் டீக்கடையை விட்டு வெளியேறி, ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்தே வேண்டாம், ஓர் இலை போதும் என்று ஒருவர் போட்டதை நான்காவது மாடி நர்ஸ் ஒரே வரியில் முடித்துவைத்தார். ஒருவருடைய எண்ணிலிருந்து 'அவசரம், பத்தாயிரம் அனுப்புங்க' என்று வந்தபோது, பணம் அனுப்பாமல் அவர் வீட்டுக் கதவையே தட்டிக் கேட்டார்கள். அவர் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ஸ்அப்பில் வந்த ஆறு இலக்க எண்ணை யாரிடமோ சொல்லித் தொலைத்திருக்கிறார். 1930-க்குப் புகார் போனது.

டீச்சர் புனேக்குப் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மகளும் டிக்கெட் வரை பேசினார். அவர் போகவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து, பிசியோதெரபி முடிந்து, வீடு திரும்பிய மறுநாள் காலை 6.10-க்கு டீக்கடையில் ஒரு படம் வந்தது. பூ இல்லை. பால்கனி வெயிலில் நிற்கும் வாக்கர். கீழே, 'தொட்டி எல்லாம் காஞ்சு கிடக்கு. இன்னிக்கு இதுதான் பூத்திருக்கு.'

ஆறரைக்குள் பதினாறு பதில்கள். முதல் மாடி ஐயா செம்பருத்திக் கம்பு ஒன்று இருக்கிறது, நட்டுத் தரட்டுமா என்று கேட்டிருந்தார். கடைசியாக வந்தது செக்ரட்டரியிடமிருந்து.

'காபி ஆச்சா டீச்சர்?'