அசையாத புள்ளி

"இவ்வளவு பெரிய ஆகாயத்தில் இரண்டு விமானங்கள் எப்படி ஸார் மோதிக்கொள்ளும்? ஒதுங்குவதற்கா இடமில்லை?" என்று நம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். முக்கியமாகக் கிளைடர் விஷயத்தில்.

கிளைடருக்கு யந்திரம் கிடையாது. வெயிலில் காய்ந்த தரையிலிருந்து எழும்பும் காற்றே அதற்கு ஏணி. நண்பகலில் பருந்து சிறகடிக்காமலே வட்டமிட்டு மேலே மேலே போவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அதே வித்தைதான். ஒருவர் வட்டமிடுவதைக் கண்டதும், அங்கே காற்று எழும்புகிறதென்று மற்றவர்களும் வந்து கூடிவிடுகிறார்கள். ஆகாயம் விசாலமானதுதான், தூக்கிவிடும் காற்று இருக்குமிடமோ குறுகல். ஆகவே முதலில் வந்தவர் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறாரோ, அந்தப் பக்கமாகவே பின்வருவோரும் சுற்றவேண்டும் என்பது முறை. எதிரெதிரே வந்தால் இருவரும் வலப்புறம் திரும்பவேண்டும். யந்திர விமானம் கிளைடருக்கு வழிவிடவேண்டும்.

கண்ணில் பட்டாலல்லவா வழிவிடுவதற்கு? நேர்ப் பாதையில் மாறாத வேகத்துடன் செல்லும் இரண்டு விமானங்கள் மோதப் போகின்றன என்றால், ஒன்றிலிருப்பவருக்கு மற்றது முன்கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும், ஒட்டிக்கொண்ட கொசுவைப் போல. நம் கண்ணோ அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும். நகரும் புள்ளி விலகிப் போய்விடுகிறது. அசையாத புள்ளிதான் யமன். கடைசிச் சில விநாடிகளில்தான் அது பெருத்து முகத்தில் அறைகிறது. போதாததற்குக் கிளைடரின் இறக்கை வெள்ளை. எதிரே பார்த்தால் வெறும் கோடு.

2006, ஆகஸ்டு 28-ந் தேதி அமெரிக்காவில் நெவாடா மாகாணத்தில், சுமார் 16,000 அடி உயரத்தில் ஒரு கிளைடர் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. ரீனோ நகருக்கு இறங்கி வந்துகொண்டிருந்த ஹாக்கர் ஜெட் விமானம் அதன்மேல் மோதியது. ஜெட் விமானிக்குக் கிளைடர் கண்ணில் பட்டதே மோதும் தறுவாயில்தான். கிளைடர்க்காரர் பாரசூட்டில் இறங்கினார். ஜெட் விமானம் மூக்கு நசுங்கி, சக்கரங்களை இறக்காமலே கார்ஸன் ஸிட்டியில் வயிற்றால் தேய்த்துக்கொண்டு இறங்கியது. அதிலிருந்த ஐவரும் பிழைத்தார்கள்.

அந்தக் கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. தன் இடத்தையும் உயரத்தையும் ராடாருக்கும், பெரிய விமானங்களின் எச்சரிக்கைக் கருவிக்கும் தெரிவிக்கும் சாதனம் அது. பாட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக அதை அணைத்து வைத்திருந்தார்! அவரைக் குற்றம் சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. கிளைடருக்குச் சட்டமே விலக்கு அளித்திருந்தது. யந்திரமில்லாத வாகனத்தில் பாட்டரி தீர்ந்தால் ஏற்றிக்கொள்ளவும் வழியில்லை. அந்த விலக்கை நீக்கவேண்டுமென்று 2008-ல் போக்குவரத்துப் பாதுகாப்பு போர்டார் சிபார்சு செய்தார்கள். நம் அபிப்பிராயமும் அதுவே.

ஸ்விட்ஸர்லாந்தில் 2004-ல் கிளைடர்க்காரர்களே கூடி 'பிளார்ம்' என்றொரு சிறு கருவியைச் செய்தார்கள். தான் செல்லும் பாதையை அது ரேடியோவில் சொல்லும். அக்கம்பக்கத்துக் கருவிகள் சொல்வதைக் கேட்டு, மோதல் நேருமென்றால் கூவும். கிளைடர்கள் கூட்டமாகச் சுற்றுமிடத்தில் நல்ல காவல். ஆனால் ரீனோவில் இறங்கியது போன்ற ஜெட் விமானத்தின் எச்சரிக்கைக் கருவிக்கு இந்தப் பாஷை புரியாது.